முதல் ஃபெல் ரேஸ்: பேர் குடுக்குறதுல இருந்து ஷூ காயப்போடுற வரைக்கும்

இங்கிலாந்தோட வடக்குப் பக்கம், லேக் டிஸ்ட்ரிக்ட், யார்க்‌ஷயர் டேல்ஸ், லங்காஷயர், பீக் டிஸ்ட்ரிக்ட் இங்கெல்லாம் இருக்கிற மொட்டைப் புல்லு மலையை ஃபெல்னு சொல்லுவாங்க. அதுமேல ஓடி ஏறி இறங்குறதுதான் ஃபெல் ரேஸ். மே மாசத்துல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வாரநாள் சாயங்காலத்துல ஏதாவது ஒரு கிராமத்துல பப் வாசல்லயோ கிரிக்கெட் கிரவுண்ட்லயோ ஆரம்பிச்சு, மேல இருக்கிற கல்லுக்குவியலைச் சுத்திட்டு ஒரு மணி நேரம் சொச்சத்துல திரும்பி வர்ற 5, 6, 8 கிலோமீட்டர் ரேஸ் நடந்துக்கிட்டேதான் இருக்கும். மான்செஸ்டர், லீட்ஸ், ப்ரெஸ்டன் பக்கம் வேலைக்கு வந்து, சனிக்கிழமை காலைல பார்க்ல நடக்கிற 5 கிலோமீட்டர் பார்க்ரன் ஓடிப் பழகிட்டு, அடுத்து இதுக்குப் போலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

நான் சில வருஷமா ஓடுறேன், புதுசா வர்றவங்களைக் கூட்டிட்டும் போறேன், மலைமேல செக்பாயிண்ட்ல மார்ஷலாவும், அதாவது வழியில நின்னு ஓடுறவங்களைக் கணக்கு வைக்கிற ஆளாவும், நின்னிருக்கேன். திணறுறவங்கள்ல நிறைய பேருக்கு நல்ல காலும் மூச்சும் இருக்கு, வரிசை தப்பினதுதான் பிரச்சனை. முந்தின நாள் ஷூ வாங்குறது, ஏத்தத்துக்கு மட்டும் பயிற்சி எடுத்துட்டு இறக்கத்தை மறந்துடறது, பாதில முடியாம நின்னுட்டு யார்கிட்டயும் சொல்லாம கார்ல ஏறி வீட்டுக்குப் போயிடறது. இதுல கடைசித் தப்புதான் ரொம்பப் பெரிசு, அதுக்குத் தனியா 11வது பகுதி இருக்கு, வேற எதைப் படிக்கலைன்னாலும் அதைப் படிங்க.

1. ரேஸைத் தேர்ந்தெடுக்கிறது, அந்த ரெண்டு எழுத்தைப் படிக்கிறது

ஃபெல் ரன்னர்ஸ் அசோசியேஷன், சுருக்கமா எஃப்.ஆர்.ஏ, அவங்க காலண்டர்ல ஒவ்வொரு ரேஸுக்கும் ரெண்டு எழுத்து போட்டிருப்பாங்க. முதல் எழுத்து செங்குத்து எவ்வளவுங்கிறதுக்கு. ஏ-ன்னா கிலோமீட்டருக்குக் குறைஞ்சது 50 மீட்டர் ஏத்தம், பி-ன்னா 25, சி-ன்னா 20. ரோடு எவ்வளவு வரலாம்ங்கிறதும் இதுலயே அடக்கம், ஏ-ல 20 சதவீதத்துக்கு மேல ரோடு கிடையாது, பி-ல 30, சி-ல 40. ரெண்டாவது எழுத்து தூரம். எஸ்-ன்னா 10 கிலோமீட்டர் வரைக்கும், எம்-ன்னா 10ல இருந்து 20க்குள்ள, எல்-ன்னா 20ம் அதுக்கு மேலயும்.

முதல் ரேஸுக்கு பி.எஸ் எடுங்க, என் அனுபவத்துல அதுதான் சரியா வருது. தூரம் கம்மியா இருக்கேன்னு ஏ.எஸ்-ல பேர் குடுக்கிறவங்களை வருஷா வருஷம் பார்க்கிறேன், 3 கிலோமீட்டர்தானே என்ன இருக்குன்னு வந்து மொத்த ரேஸும் நெஞ்சுக்கு நேரா நிக்கிற சரிவுலயே முடிஞ்சு போகும். யார்க்‌ஷயர் டேல்ஸ்ல பர்ன்ஸால்னு ஒரு கிராமத்து ரேஸ் இருக்கு, மொத்தமே ஒன்றரை மைல்தான், ஆனா அதுக்குள்ள சுமார் 900 அடி ஏத்தம். புதுசா வர்றவங்க பார்க்கலாம், ஓட அவசரப்பட வேண்டாம்.

அந்த எழுத்துக்குப் பக்கத்துலயே வேற குறிப்பும் இருக்கும். பாதையில கொடி கட்டியிருக்கா, பாதிக்குத்தான் கட்டியிருக்கா, மேப் பார்த்துப் போகத் தெரியணுமா, முன் அனுபவம் வேணுமான்னு. அனுபவம் வேணும்னு போட்டிருந்தா அதை அப்படியே நம்புங்க, அது பயமுறுத்த எழுதினது கிடையாது. வயசு வரம்பும் பாருங்க, பசங்களுக்குத் தனி ரேஸ், தனி தூரம்.

பேர் குடுக்கிறது ரெண்டு வகை, ஆன்லைன்ல முன்னாடியே, இல்ல அன்னிக்கே நேர்ல போய். சின்ன ரேஸுக்குப் பெரும்பாலும் 5ல இருந்து 10 பவுண்டுதான் ஆகும். ரேஸோட வெப்சைட்ல அன்னிக்கு பேர் குடுக்கலாமான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் கிளம்புங்க, இல்லன்னா ஒரு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய் வேடிக்கை பார்த்துட்டு வரணும்.

2. எவ்வளவு நேரம் ஆகும்னு முன்னாடியே கணக்குப் போடுங்க

இதை முதல் வேலைகள்லயே வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நேரம் தெரிஞ்சாத்தான் சாப்பாடு, துணி, தண்ணி எல்லாத்தையும் முடிவு பண்ண முடியும், வெளிச்சம் இருக்கிறப்பவே இறங்கிடுவோமான்னும் தெரியும்.

நடக்கிறவங்களுக்கு நெய்ஸ்மித்ங்கிறவர் 1892ல ஒரு கணக்கு சொன்னாரு, 3 மைலுக்கு ஒரு மணி நேரம், கூடவே 2000 அடி ஏத்தத்துக்கு இன்னொரு மணி நேரம். அதை விகிதமாப் பார்த்தா 1 மீட்டர் ஏத்தம்ங்கிறது தட்டைல, அதாவது சமதரைல, கிட்டத்தட்ட 8 மீட்டருக்குச் சமம். ஓடுறவங்களுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு நல்லாவே ஒத்துவருது.

உதாரணத்துக்கு ரேஸ் 6 கிலோமீட்டர், ஏத்தம் 300 மீட்டர்னு வைங்க. 300ஐ 8ஆல பெருக்குனா 2400, ஆக மொத்தம் 8.4 கிலோமீட்டர் தட்டை ஓட்டம் மாதிரி. நீங்க 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல ஓடுறவர்னா 50 நிமிஷம் வருது. சதுப்பு, கேட்டு, சுவரேறிக் குதிக்கிற இடம் எல்லாத்துக்கும் சேர்த்து இன்னும் அஞ்சு பத்து நிமிஷம் போட்டுக்கோங்க.

அப்புறம் வாட்ச்ல கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம்னு காட்டுற ஸ்க்ரீனை ரேஸ் அன்னிக்கு மாத்திடுங்க. நான் சொன்ன பர்ன்ஸால்ல ஃப்ரெட் ரீவ்ஸ் 1977ல வச்ச ரெக்கார்டு 12 நிமிஷம் 47.8 வினாடி, அதைக் கணக்குப் பார்த்தா கிலோமீட்டருக்கு 5 நிமிஷத்துக்கும் மேல. அவ்வளவு பெரிய ஆளுக்கே அங்க அப்படித்தான் வருதுன்னா நமக்கு அந்த நம்பரைப் பார்த்து என்ன ஆகப்போகுது, மனசுதான் உடையும்.

3. ஷூவை ஆறு வாரம் முன்னாடியே வாங்குங்க

செலவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுன்னா அது ஷூதான். ரோட்டுல ஓடுற ஷூவைப் போட்டுட்டு வந்தா ஏறிடலாம், இறங்க முடியாது. ஈரப்புல்லுல அந்தத் தட்டையான சோல் அப்படியே வழுக்கி விட்டுடும். ட்ரெயில் ஷூன்னு கடையில காட்டுறதுலயும் பாதி காட்டுப்பாதைக்கும் கப்பிக்கல்லுக்கும் பண்ணது.

உங்களுக்கு வேண்டியது அடியில ஆழமான ரப்பர் பல்லு இருக்கிறது, 6ல இருந்து 8 மில்லிமீட்டர். இனோவ்-8 மட்கிளா, வால்ஷ் பி.பி, இந்த மாதிரி. பல்லுங்க தள்ளித் தள்ளி இருக்கணும், நெருக்கமா இருந்தா நடுவுல சேறு அடைச்சு ரெண்டு நிமிஷத்துல தட்டை சோலா ஆயிடும். அடிப்பகுதி ரொம்ப உயரமா, மெத்து மெத்துன்னு இருக்கிறதை எடுக்காதீங்க. சரிவுல குறுக்கா ஓடுறப்ப கால் எவ்வளவு உயரத்துல நிக்குதோ அவ்வளவு சீக்கிரம் கணுக்கால் மடங்கும்.

கோர்டெக்ஸ் போட்ட வாட்டர்ப்ரூஃப் ஷூவை நிறைய பேர் ஆசையா வாங்கிடறாங்க. சதுப்புல முட்டி வரைக்கும் கால் போகும், தண்ணி மேல்பக்கமா உள்ள வரும், அப்புறம் வெளிய போக வழியில்லாம ரேஸ் முழுக்க ரெண்டு கிளாஸ் தண்ணியைத் தூக்கிட்டு ஓடணும். தண்ணி உள்ள வந்தா உடனே வடியிற சாதாரணத் துணி ஷூதான் நல்லது.

இன்னொண்ணு, அந்தப் பல்லு ஈரப்பாறைல பிடிக்காது. புல்லுலயும் சேத்துலயும் தைரியமா இருங்க, ஈரமான கல்லும் மரப்படியும் வந்தா வேகத்தைக் குறைச்சிடுங்க.

4. பயிற்சி: ஏத்தத்துக்கு ஒரு நாள், இறக்கத்துக்கு ஒரு நாள்

தட்டைல நிக்காம ஒரு மணி நேரம் மெதுவா ஓட முடியுதுன்னா அடிப்படை ரெடி. அதுக்கு மேல ஆறு வாரம் போதும்.

வாரத்துல ஒரு நாள் ஏத்தம். 3 நிமிஷம் ஏறுற மாதிரி ஒரு சரிவு, அஞ்சாறு தடவை, அதுல பாதியை வேகமா நடந்தே ஏறுங்க. நடக்கிறதும் ஒரு திறமைதான், பழகலைன்னா கெண்டைக்கால் எரியும். ஊர்ல மலையே இல்லன்னா ஆபீஸ் படிக்கட்டு, கார் பார்க்கிங்கோட சாய்வு ரேம்ப், எதுவா இருந்தாலும் சரி.

இன்னொரு நாள் இறக்கம், இதைத்தான் யாரும் பண்றதில்ல. இறங்குறப்ப தொடைத் தசை நீண்டுக்கிட்டே பிரேக் போடுது, அந்த வேலை தட்டை ஓட்டத்துல ரொம்பக் கம்மி. பழகாம போய் இறங்கினா ரெண்டு நாளைக்கு மாடிப்படியில பக்கவாட்டாத்தான் இறங்குவீங்க. நல்ல விஷயம் என்னன்னா ஒரு தடவை அந்த வலியை வாங்கிட்டா தசை பழகிக்கும், அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கத்துல அவ்வளவு வலிக்காது. அதனால கடைசியா கடுமையா இறங்குற பயிற்சியை ரேஸுக்குப் 10ல இருந்து 14 நாள் முன்னாடி வைங்க. கடைசி வாரத்துல வச்சா வலியோடவே போய் நிப்பீங்க.

புல்லுச் சரிவுல பழகுங்க. தார் ரோட்டு இறக்கத்துல பழகினா முட்டிதான் அடி வாங்கும், கால் எங்க வைக்கணும்னு கண்ணும் பழகாது.

5. பாதையை முன்னாடியே ஒரு தடவை நடந்து பாருங்க

இங்க இதை ரெக்கின்னு சொல்லுவாங்க. ரேஸுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, குடும்பத்தோடயே போங்க, நடந்தே போங்க. மூணு விஷயம் தெரிஞ்சா போதும். ஏத்தம் எந்த இடத்துல செங்குத்தாகுது, உச்சில எந்தப் பக்கம் திரும்பணும், இறக்கத்துல கடைசி கேட்டோ சுவரோ எங்க வருது.

போறதுக்கு முன்னாடி ஒண்ணு பார்த்துக்கோங்க. சில ரேஸ்ல வயல்காரர் அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவர் நிலத்துல ஓட அனுமதி குடுத்திருப்பாரு. அந்தத் துண்டை விட்டுட்டு பொதுப்பாதை வழியாவே போங்க. நாம போய் அத்துமீறினா அடுத்த வருஷம் அந்த ரேஸே இல்லாம போயிடும். ஏப்ரல், மே மாசம் ஆட்டுக்குட்டி போடுற காலம், குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல புகுந்து போகாதீங்க, நீங்க திறந்த கேட்டை நீங்களே மூடிட்டுப் போங்க.

மேப்பை வீட்டுலயே விரிச்சுப் பாருங்க. ஆர்ட்னன்ஸ் சர்வேயோட 1:25,000 மேப்ல நீலக் கட்டம் ஒவ்வொண்ணும் ஒரு கிலோமீட்டர், பழுப்புக் கோடுங்க நெருங்கி நின்னா செங்குத்து, விலகி நின்னா ஓடலாம். மலைப்பக்கம் பல இடத்துல ரெண்டு கோட்டுக்கு நடுவுல 10 மீட்டர் உயரம். இதை மட்டும் புரிஞ்சுக்கிட்டாலே எங்க நடக்கணும் எங்க ஓடணும்னு வீட்டுல உக்காந்தே முடிவு பண்ணிடலாம்.

6. பையில என்ன போகணும்

என்ன கொண்டு வரணும்னு ஆர்கனைஸர் சொல்றதுதான் முடிவு. வெயில் நல்லா இருந்தா சின்ன ரேஸ்ல எதுவும் வேண்டாம்னு சொல்லுவாங்க, வானம் சரியில்லன்னா ஸ்டார்ட்லயே முழு கிட்டும் வேணும்பாங்க. அதனால எப்பவும் எல்லாத்தையும் கார்ல வச்சுட்டுப் போங்க, இல்லன்னா அங்க போய் ஓட விடமாட்டாங்க.

முழு கிட்னா தொப்பி வச்ச ஜாக்கெட், காத்து மழை ரெண்டையும் தடுக்கிற முழு பேண்ட், தலைக்குத் தொப்பி, கையுறை, மேப், காம்பஸ், விசில், அவசரத்துக்குக் கொஞ்சம் சாப்பாடு. இடுப்புல கட்டுற பம்பேக்ல எல்லாமே அடங்கிடும். ஜாக்கெட்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடாதீங்க, நனைஞ்சு கனக்கும், இறக்கத்துல கால்ல சிக்கும்.

ஜூலை மாசத்துல எதுக்கு இவ்வளவுன்னு கேப்பீங்க. மேல ஏற ஏற 1000 மீட்டருக்கு சுமாரா 6.5 டிகிரி வெப்பம் குறையும், 400 மீட்டர் மலைன்னா ரெண்டு மூணு டிகிரிதான், அது பெருசில்ல. காத்துதான் பெருசு. வேர்வைல நனைஞ்ச பனியனோட ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் உடம்பு சூடா இருக்கும், கணுக்கால் மடங்கி உச்சில உக்காந்துட்டீங்கன்னா பத்து நிமிஷத்துல நடுக்கம் வந்துடும், மார்ஷல் வந்து உங்களைத் தாங்கிப் பிடிச்சு இறக்குற வரைக்கும் அந்த ஜாக்கெட்தான் துணை.

விசில் சும்மா தொங்கவிடுறதுக்கு இல்ல. உதவி வேணும்னா ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊதணும், ஒரு நிமிஷம் நிறுத்தணும், திரும்ப ஆறு. பதிலா மூணு தடவை கேட்டா ஆள் வருதுன்னு அர்த்தம். போன் இருந்தா 999 அடிச்சு போலீஸைக் கேட்டு மவுண்டன் ரெஸ்க்யூ, அதாவது மலைல மாட்டினவங்களை மீட்கிற குழு, வேணும்னு சொல்லணும், நேரா மவுண்டன் ரெஸ்க்யூன்னு தனி நம்பர் கிடையாது. சிக்னல் பேச்சுக்குப் பத்தாத இடத்துல 999க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பலாம், ஆனா அதுக்கு முன்கூட்டியே ரெஜிஸ்டர்ங்கிற இங்கிலீஷ் வார்த்தையை 999க்கு மெசேஜ் பண்ணிப் பதிஞ்சிருக்கணும். இதைப் படிச்சு முடிச்ச உடனே பண்ணிடுங்க.

7. ரேஸ் நாள்: சாப்பாடும் பதிவும்

சாயங்காலம் ஏழு, ஏழரை மணி ரேஸ்னா மத்தியானச் சாப்பாட்டை ரெண்டு மணிக்கு வைங்க, வழக்கமா சாப்பிடுறதுதான், எண்ணெயும் காரமும் மட்டும் கம்மி. நான் தயிர் சாதம் சாப்பிட்டுப் போறேன், இதுவரைக்கும் வயிறு எதுவும் பண்ணல. அஞ்சரைக்கு ஒரு வாழைப்பழம். ஒரு மணி நேர ரேஸுக்கு நடுவுல எனர்ஜி ஜெல் எதுவும் தேவையில்ல.

மெட் ஆபீஸ் மலை வானிலையையோ, மலைக்குன்னே வானிலை சொல்ற எம்.டபிள்யூ.ஐ.எஸ்-ஸையோ மத்தியானம் ஒரு தடவை பாருங்க. ஊருக்கான வானிலையில காத்தோட வேகம் மேல எப்படி இருக்கும்னு தெரியாது.

ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. கிராமத்து ரோடு குறுகல், பார்க்கிங் கொஞ்சம்தான், வழியை மறிச்சு வண்டியை விட்டா ஊர்க்காரங்க கோபம் ரேஸ் மேல திரும்பும். பதிவு மேஜைல ஃபாரம் குடுப்பாங்க, வீட்டு ஆள் போன் நம்பர், உடம்புல ஏதாவது பிரச்சனை இருந்தா அது, எல்லாத்தையும் ஒளிக்காம எழுதுங்க. ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர் உங்க பையிலயே இருக்கணும். சில்லறைக் காசு கொண்டு போங்க, எல்லா மேஜைலயும் கார்டு மெஷின் இருக்காது.

அங்க குடுக்கிற நம்பர் தாள் நெஞ்சுல, நாலு பின்னு குத்தி, மடிக்காம. ஜாக்கெட் போட்டா நம்பரை மார்ஷல் பார்க்கிற மாதிரி திறந்து காட்டணும் இல்ல வாயால சொல்லணும். ஏன்னா மேல ஒவ்வொரு செக்பாயிண்ட்லயும் அந்த நம்பரை வச்சுத்தான் நீங்க இன்னும் மலைமேல இருக்கீங்களான்னு கணக்கு வைக்கிறாங்க. பேர் குடுத்துட்டு ஓடாம போறதா இருந்தாலும் மேஜைல போய் சொல்லி நம்பரைத் திருப்பிக் குடுத்துடுங்க.

8. ஸ்டார்ட்ல எங்க நிக்கணும்

பின்னாடி. முதல் ரேஸுக்கு கடைசி மூணுல ஒரு பங்குக்குள்ள நில்லுங்க. ஆரம்பிச்ச 300 மீட்டர்லயே பாதை குறுகி ஒரு கேட்டு வழியா ஒத்தையா போகும், அதுக்கு முன்னாடி இடம்பிடிக்க எல்லாரும் பாய்வாங்க, அதுல சேர்ந்து பாய்ஞ்சீங்கன்னா முதல் ஏத்தத்தோட மூச்சு தீர்ந்துடும்.

ஆர்கனைஸர் பேசுறப்ப பேசாம நின்னு கேளுங்க. எங்க கொடி மாறியிருக்கு, எந்தச் சுவர் இடிஞ்சிருக்கு, காத்து ஜாஸ்தியா இருக்கிறதால குறுக்குப் பாதைக்கு மாத்தியிருக்காங்களா, எல்லாமே அந்த ரெண்டு நிமிஷத்துல வந்துடும். ஹெட்போன் கார்லயே இருக்கட்டும், பின்னாடி வர்றவர் குரலும் மார்ஷல் கத்துறதும் காதுல விழணும்.

ஷூ லேஸை ரெண்டு முடிச்சு போட்டு, மிச்சத்தை உள்ள செருகிடுங்க. சதுப்பு ஷூவைப் பிடுங்கி வச்சுக்கிறதை நான் நேர்ல பார்த்திருக்கேன், அந்த ஆள் முழங்கை வரைக்கும் சேத்துக்குள்ள விட்டுத் தேடினாரு.

9. ஏத்தம்: எப்ப நடக்கணும்

மூச்சு வாங்கி வாயால ஒரு வாக்கியம் சொல்ல முடியலைன்னா நடக்க ஆரம்பிங்க. முன்னாடி போறவங்களும் நடந்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, இங்க யாரும் அதைக் குறைவா நினைக்க மாட்டாங்க. ஒரு அளவுக்கு மேல செங்குத்தானா ஓடுறவரும் வேகமா நடக்கிறவரும் ஒரே வேகத்துலதான் போவாங்க, ஆனா ஓடுறவருக்கு சக்தி செலவு ஜாஸ்தி.

கையை முட்டிக்கு மேல தொடைல வச்சு அழுத்தி, சின்னச் சின்ன எட்டா வைங்க. பெரிய எட்டு வச்சா கெண்டைக்கால் பிடிச்சுக்கும். ரொம்பச் செங்குத்துன்னா கொஞ்சம் கோணல் மாணலா ஏறுங்க, குதிகால் தரையில பட இடம் கிடைக்கும்.

சரிவு கொஞ்சம் தணிஞ்ச உடனே ஓட்டத்துக்கு மாறிடணும். புதுசா வர்றவங்க நிறைய நேரத்தை இங்கதான் விடறாங்க, நடந்து பழகின கால் நடந்துக்கிட்டே இருக்கும். கிட்டத்தட்ட தட்டையாவே ஆயிடுச்சு, இன்னும் கை தொடைலயே இருக்கும்.

10. உச்சியும் செக்பாயிண்டும்

மார்ஷல்கிட்ட உங்க நம்பரை உரக்கச் சொல்லிட்டுப் போங்க, ஒரு தாங்க்ஸும் சொல்லுங்க, அவங்க காத்துல ரெண்டு மணி நேரமா நிக்கிறாங்க. கல்லுக்குவியலைச் சுத்திப் போகச் சொன்னா சுத்தியே போகணும், செக்பாயிண்டை விட்டா ரிசல்ட்ல பேர் வராது.

முன்னாடி போறவரைக் கண்ணை மூடிட்டுத் தொடராதீங்க. மூடுபனி இறங்கிட்டா அவரும் அவருக்கு முன்னாடி போறவரைத்தான் தொடர்ந்துட்டிருப்பாரு, மொத்தக் கும்பலும் சேர்ந்து வேற பள்ளத்தாக்குல இறங்கி நிக்கும். உச்சில இருந்து எந்தத் திசைல இறங்கணும்னு காம்பஸ்ல ஒரு தடவை பார்த்து மனசுல வச்சிருங்க. தொலைஞ்சுட்டோம்னு தோணினா இறங்காதீங்க, கடைசியா உறுதியாத் தெரிஞ்ச இடத்துக்குத் திரும்பி ஏறுங்க.

அதுக்கப்புறம் இறக்கம், அதுக்குத்தான் இத்தனை தயாரிப்பும். இறங்குறப்ப பயத்துல உடம்பு தானா பின்னாடி சாயும், அதுதான் வழுக்கி விடுது. பின்னாடி சாய்ஞ்சா எடை குதிகாலுக்குப் போகும், அடியில இருக்கிற பல்லு தரையில இறங்காது, உக்காந்த மேனிக்கே சறுக்கிடுவோம். இடுப்பைக் காலுக்கு நேர் மேல கொண்டு வாங்க, முட்டியை லேசா மடிங்க, எட்டைச் சின்னதாக்கி வேகமா வைங்க. ஒரு கால் வழுக்கினாலும் அடுத்த கால் அதுக்குள்ள தரையில இருக்கும், அதனாலதான் சின்ன எட்டு.

கையை ரெண்டு பக்கமும் விரிச்சு விடுங்க, கம்பி மேல நடக்கிறவங்க மாதிரி. பார்வை காலடியில வேண்டாம், மூணு நாலு மீட்டர் முன்னாடி. காலடியைப் பார்த்துக்கிட்டே இறங்கினா கண்ணு பார்த்து மூளை முடிவு பண்றதுக்குள்ள அந்தக் கல்லைத் தாண்டியிருப்போம்.

ஜூலைக்கு மேல பெரணி இடுப்பளவு வளர்ந்து பாதையை மூடிடும், கீழ குழி கல்லு எதுவும் தெரியாது, அங்க மட்டும் வேகத்தைக் குறைச்சு முன்னாடி போனவங்க மிதிச்ச தடத்துலயே போங்க. பளிச்சுனு பச்சையா மெத்தை மாதிரி ஒரு இடம் தெரிஞ்சா அது சதுப்பு, சுத்திப் போங்க. பழுப்பா கட்டி கட்டியா நிக்கிற புல்லுத் திட்டுக்கு மேல கால் வைக்காதீங்க, உருண்டு கணுக்கால் மடங்கும், நடுவுல வைங்க.

பின்னாடி வேகமா ஆள் வந்தா பதறி ஒதுங்காதீங்க. நேராப் போயிக்கிட்டே இருங்க, எந்தப் பக்கம் வரேன்னு அவரே சொல்லித் தாண்டிப் போவாரு. பதறி குறுக்க விழுந்தாதான் ரெண்டு பேருக்கும் அடி.

யாராவது விழுந்து கிடந்தா நின்னுடுங்க, உங்க நேரம் போகட்டும். அவரால எழுந்திருக்க முடியலைன்னா அவருக்கு ஜாக்கெட்டைப் போட்டுவிட்டு, கூட ஒருத்தர் இருந்துக்கிட்டு, அடுத்து வர்றவர்கிட்ட நம்பரும் இடமும் சொல்லி மார்ஷல்கிட்ட அனுப்புங்க.

11. பாதில நிறுத்தணும்னா

கால் மடங்கிடுச்சு, மூச்சு முட்டுது, பயமா இருக்கு, காரணம் எதுவா இருந்தாலும் நிறுத்தலாம். ஆனா அதை ரெண்டு இடத்துல சொல்லணும், பக்கத்துல இருக்கிற மார்ஷல்கிட்ட, அப்புறம் கண்டிப்பா ஃபினிஷ்லயோ பதிவு மேஜைலயோ நேர்ல போய். மார்ஷல்கிட்ட சொல்லியாச்சேன்னு விடாதீங்க, அங்க ரேடியோ வேலை செய்யாம போயிருக்கலாம்.

ஸ்டார்ட்ல எத்தனை பேர் போனாங்கன்னு எண்ணி வச்சிருப்பாங்க, ஃபினிஷ்ல எத்தனை பேர் வந்தாங்கன்னு எண்ணுவாங்க. ரெண்டும் ஒத்துவர்ற வரைக்கும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. ஒரு ரேஸ்ல நான் உச்சிக்குக் கொஞ்சம் கீழ மார்ஷலா நின்னேன், மழை, காத்து, வெளிச்சமும் போயிக்கிட்டிருக்கு, ஒரு ஆள் குறையுதுன்னு கீழ இருந்து சொன்னாங்க. நாங்க நாலு பேர் திரும்ப ஏறி சுவரோரம், பெரணிக்குள்ள, ஓடைக்கரைலன்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே தேடினோம். கடைசில ஃபாரம்ல இருந்த நம்பருக்கு அடிச்சா அந்த ஆள் பாதிலயே இறங்கி கார் எடுத்துட்டு வீட்டுக்குப் போய் குளிச்சு முடிச்சிருக்காரு. அவருக்குத் தப்பு பண்ண எண்ணமே கிடையாது, கடைசியா வர்றது வெக்கமா இருக்குன்னு யார் கண்ணுலயும் படாம போயிருக்காரு. எனக்கு அன்னிக்கு அந்த முக்கால் மணி நேரம் நெஞ்சு அடிச்சுக்கிட்டது இப்பவும் ஞாபகம் இருக்கு. ஆள் கிடைக்காம போயிருந்தா மவுண்டன் ரெஸ்க்யூவைக் கூப்பிட்டிருக்கணும், அதுல வர்றவங்க எல்லாருமே சம்பளம் இல்லாம வர்ற ஊர்க்காரங்க, ராத்திரி சாப்பாட்டை விட்டுட்டு வருவாங்க.

கடைசியா வர்றதைப் பத்திக் கவலையே வேண்டாம். கடைசி ஆள் வர்ற வரைக்கும் நின்னு கைதட்டுறது இந்த ரேஸ்ல வழக்கம், நானும் ரெண்டு தடவை அந்தக் கைதட்டலை வாங்கியிருக்கேன், ரொம்ப சந்தோஷமா இருந்தது.

12. ஃபினிஷும் அதுக்கப்புறமும்

கோட்டைத் தாண்டினதும் கயிறு கட்டின சந்துல வந்த வரிசை மாறாம நடந்து போங்க. சின்ன ரேஸ்ல கையாலதான் எழுதுறாங்க, நடுவுல உக்காந்தா இல்ல வரிசையை விட்டு வெளிய வந்தா பின்னாடி இருக்கிற எல்லாரோட இடமும் தப்பாயிடும். கிட் செக் ஃபினிஷ்லயும் இருக்கலாம், பையைத் திறந்து காட்டத் தயாரா இருங்க.

அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஈர பனியனைக் கழட்டி காய்ஞ்ச துணி மாத்துங்க, ஓட்டம் நின்ன உடனே உடம்பு வேகமா ஆறும். அப்புறம் உள்ள போய் டீ, கேக். ரிசல்ட் சொல்லி பரிசு குடுக்கிற வரைக்கும் இருங்க, 40 வயசுக்கு மேல, 50க்கு மேலன்னு தனித்தனியா பரிசு உண்டு, அடுத்த ரேஸ் எங்க, எது புதுசா வர்றவங்களுக்கு நல்லதுன்னு அங்க உக்காந்து பேசுறப்பதான் தெரிய வரும்.

வீட்டுக்கு வந்து குளிக்கிறப்ப முட்டிக்குப் பின்னாடி, தொடை இடுக்கு, இடுப்புப் பட்டி, அக்குள்னு உண்ணி ஒட்டியிருக்கான்னு பாருங்க. பெரணிக்குள்ள ஓடினா ஒட்டும், அதுல லைம் நோய் பரவலாம். நசுக்காம, தோலை ஒட்டி மெல்லிய சாமணத்தால பிடிச்சு நேரா மேல இழுக்கணும், எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரத்துல அந்த இடத்துல வட்டமா சிவப்பு பரவினா ஜி.பி-கிட்ட, அதாவது உங்க ஏரியா டாக்டர்கிட்ட, போங்க, உண்ணி கடிச்சதுன்னு சொல்லுங்க.

ஷூவை அன்னிக்கு ராத்திரியே வெளிக்குழாய்ல அலசி, உள்ள பழைய பேப்பரைத் திணிச்சு நிழல்ல வைங்க, காலைல பேப்பரை மாத்துங்க. ஹீட்டர் மேல வச்சா பசை விட்டு சோல் பிரிஞ்சு வந்துடும்.